ரெஜிஸ்ட்ரி க்ளீனரா, வேறு வழியா? மெதுவான கணினிக்கு எதைச் செய்வது

விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் களஞ்சியம்தான் ரெஜிஸ்ட்ரி. அதில் வேண்டாதவையாகத் தெரியும் பதிவுகளைத் தேடி அழிக்கும் நிரல் ரெஜிஸ்ட்ரி க்ளீனர். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினிக்கு ரெஜிஸ்ட்ரி க்ளீனர் தேவையில்லை. ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. எப்போதாவது ஒருமுறை கெட்டது நடக்கும். அன்று அரை நாள் போய்விடும். கிடைக்கும் லாபம் அளவில் தெரியாத அளவுக்குச் சிறியது. வரக்கூடிய நட்டமோ எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது.

ஆனால் க்ளீனரைத் தேடுகிறவருக்கு "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் உதவாது. அவருக்கு உண்மையிலேயே ஏதோ ஒரு தொல்லை இருக்கிறது. கணினி மெதுவாக ஓடுகிறது, அல்லது துவங்கும்போது ஒரு பிழைப்பெட்டி வந்து நிற்கிறது, அல்லது ஒரு மென்பொருளை நீக்கவே முடியவில்லை. இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு மருந்துகள். எந்த க்ளீனர் சிறந்தது என்று ஒப்பிடுவதைவிட, க்ளீனரையும் இந்த மாற்று வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் பயன் தரும்.

குப்பை என்றால் எவ்வளவு குப்பை?

ரெஜிஸ்ட்ரி என்பது ஒரே கோப்பு அல்ல. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டீஃபால்ட் என்ற பெயர்களில் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு பயனரின் ஃபோல்டரிலும் என்டியூசர்.டாட் என்று ஒன்று தனியாக இருக்கும். இவற்றை ஹைவ் என்பார்கள். மென்பொருள்கள் அதிகம் உள்ள கணினியில் சாஃப்ட்வேர் ஹைவ் மட்டுமே 100 எம்பியை ஒட்டி இருப்பது சாதாரணம்.

இப்போது கணக்குப் போடுவோம். நீக்கிய மென்பொருள் விட்டுச்சென்று அனாதையாகக் கிடக்கும் ஒரு பதிவு, அதன் பெயரும் மதிப்பும் சேர்ந்து, சில நூறு பைட். சராசரி 300 பைட் என்றே வைத்துக்கொள்ளலாம். க்ளீனர் 1,000 "பிழை"களைக் கண்டுபிடித்து அழித்தால் 3 லட்சம் பைட், அதாவது 0.3 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அவ்வளவுதான்.

அந்த இடமும் உடனே மிச்சமாவதில்லை. ஹைவ் கோப்பு 4 கேபி அளவுத் துண்டுகளால் ஆனது. பதிவை அழித்தால் அந்த இடம் "காலி" என்று குறிக்கப்படும், அவ்வளவுதான், கோப்பு சுருங்காது. அடுத்து வரும் மென்பொருள் அந்தக் காலி இடத்தில் எழுதிக்கொள்ளும். காலி இடம் அதிகமானால் ஹைவை ஒழுங்குபடுத்தும் வேலையை விண்டோஸ் 8.1 முதல் விண்டோஸே செய்துகொள்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை நடப்பது இது. ஒரு மென்பொருள் தன் அமைப்பைத் தேடும்போது ரெஜிஸ்ட்ரி முழுவதையும் வரிசையாகப் படித்துக்கொண்டு போவதில்லை. முழுப் பாதையைச் சொல்லி நேராக அந்த இடத்துக்கே போகிறது. பக்கத்துக் கிளையில் பத்துப் பழைய பதிவுகள் கிடந்தாலும் ஆயிரம் கிடந்தாலும் அதன் வழியில் அவை குறுக்கே வரப்போவதில்லை. அதனால்தான் க்ளீனர் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் துவக்க நேரத்தை அளந்தால் வித்தியாசம் தெரிவதில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது. விண்டோஸ் 2000 வரை ரெஜிஸ்ட்ரிக்கு ஓர் உச்ச அளவு இருந்தது. இயங்குதளத்தின் நினைவகத்தில் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் அது அடங்கியாக வேண்டும். 2001இல் வந்த எக்ஸ்பி அந்த வரம்பை எடுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டே 1990களில் ரெக்க்ளீன் என்று ஒரு கருவியை வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று அதன் நிலைப்பாடு வேறு: ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று தன் ஆதரவுக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. 64 எம்பி ரேம் காலத்து ஆலோசனை 16 ஜிபி ரேம் காலத்திலும் வாய்மொழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

க்ளீனர் ஏன் தப்பாகக் கணிக்கிறது

க்ளீனரின் மூளை மிக எளிமையானது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு கோப்பின் பாதை எழுதியிருக்கிறதா? அந்தக் கோப்பு டிஸ்க்கில் இருக்கிறதா? இல்லையென்றால் பிழை. இந்த விதி பத்தில் ஒன்பது இடத்தில் சரியாக இருக்கும். பத்தாவது இடம்தான் பிரச்சினை.

வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நெட்வொர்க் டிரைவிலோ நிறுவிய மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஓடும் நேரத்தில் அந்த டிரைவ் இணைப்பில் இல்லையென்றால் அதன் பதிவுகள் எல்லாம் அனாதையாகத் தெரியும். டிடிபி செய்கிறவர்கள் கவனிக்க: எழுத்துருக்களை விண்டோஸுக்குள் நகலெடுக்காமல் ஷார்ட்கட்டாக நிறுவும் வசதி விண்டோஸில் உண்டு. அப்படிப் பென் டிரைவிலிருந்து நிறுவிய தமிழ் எழுத்துருக்கள், பென் டிரைவைப் பிடுங்கியதும் "காணாமல்போன எழுத்துரு" பட்டியலுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது 32 பிட், 64 பிட் குழப்பம். 64 பிட் விண்டோஸில் ஒரு 32 பிட் நிரல் சிஸ்டம்32 ஃபோல்டரைக் கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைச் சிஸ்வாவ்64 என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ரெஜிஸ்ட்ரியிலும் இதேபோல 32 பிட் நிரல்களுக்கென்று தனிக் கிளை உண்டு. சரியாக எழுதப்படாத, 32 பிட்டாகவே இருக்கும் க்ளீனர், கண்ணெதிரே இருக்கும் கோப்பை "இல்லை" என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது வகைதான் மிகவும் சுவையானது: காலியாக இருப்பதே வேலையாக இருக்கும் பதிவுகள். விண்டோஸ் 11இல் வலது கிளிக் மெனு சுருக்கமாக வருவது பிடிக்காதவர்கள் பழைய முழு மெனுவைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி செய்வார்கள். பயனரின் கிளாஸஸ் கிளையில் 86இல் தொடங்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணின் பெயரில் ஒரு கீயையும் (ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் போன்றது), அதற்குள் இன்ப்ராக்சர்வர்32 என்ற கீயையும் உருவாக்கி, அதன் மதிப்பை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அந்த வெறுமைதான் புது மெனுவைத் தடுக்கிறது. "எந்த டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்பு) பெயரும் இல்லாத வெற்றுப் பதிவு" என்று ஒரு க்ளீனர் அதைத் துடைத்தால் பழைய மெனு போய்விடும். இது சின்ன விஷயம், திரும்பச் செய்துகொள்ளலாம். ஆனால் இதே மாதிரி "இருக்கிறதா, இல்லையா" என்று மட்டும் பார்த்து நடந்துகொள்ளும் கீகள் ரெஜிஸ்ட்ரியில் எத்தனையோ. உரிமத் தகவலை வேண்டுமென்றே விளங்காத பெயரில் ஒளித்து வைக்கும் மென்பொருள்களும் உண்டு. அது குப்பையா, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமமா என்று வெளியிலிருந்து பார்க்கும் க்ளீனருக்குத் தெரிய வழியில்லை.

நான்காவது, இன்ஸ்டாலர் பதிவுகள். நடைமுறையில் அதிகம் வலிக்கும் சேதம் இங்கேதான். எம்எஸ்ஐ என்ற விண்டோஸின் சொந்த நிறுவல் முறையில் நிறுவப்படும் மென்பொருள்கள் தங்கள் பாகங்களின் பட்டியலை ரெஜிஸ்ட்ரியில் விரிவாக எழுதி வைக்கின்றன. அதன் மூல எம்எஸ்ஐ கோப்பின் ஒரு பிரதி விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். பட்டியலில் ஒரு பகுதி போய்விட்டால் மென்பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அப்டேட் வரும்போது "பழைய பதிப்பை நீக்க முடியவில்லை" என்று நிற்கும். அதற்குள் க்ளீனர் ஓட்டியதே மறந்துபோயிருக்கும். பழி அப்டேட் மேல் விழும்.

எழுதும் கருவிகளும் இதில் சேர்த்தி. விண்டோஸில் சேர்த்துக்கொள்ளும் தட்டச்சு மென்பொருள்கள் பலவும் தங்களை ஒரு காம் வகுப்பாக (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் பாகமாக) ரெஜிஸ்ட்ரியில் பதிந்துகொள்கின்றன. "ஆக்டிவ்எக்ஸ் மற்றும் வகுப்புப் பிழைகள்" என்ற தலைப்பில் க்ளீனர்கள் காட்டும் பட்டியலில் எது எந்த மென்பொருளுடையது என்று படித்துப் புரிந்துகொள்ள முடியாது. புரியாததை அழிக்கக்கூடாது என்ற விதி இருந்தால் அந்தத் தலைப்பையே மொத்தமாகத் தவிர்க்க வேண்டிவரும்.

சிவப்பு எண்ணும் அதன் வியாபாரமும்

ஸ்கேன் முடிந்ததும் வரும் எண்ணை நம்பாதீர்கள். அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல், மெனுவில் தெரியும் பெயர்களின் தற்காலிகச் சேமிப்பு, பயன்படாத கோப்பு நீட்சி ஆகியவையும் அதில் சேர்த்து எண்ணப்படும். எதுவுமே பிழை அல்ல. ஒரே கணினியில் இரண்டு க்ளீனர்களை அடுத்தடுத்து ஸ்கேன் மட்டும் செய்ய விட்டால் இரண்டும் இரண்டு எண் சொல்லும். பிழை என்பதற்கு அவரவர் வைத்துக்கொண்ட இலக்கணம் அது.

காசு வாங்கும் "ஒரே கிளிக்" ஆப்டிமைசர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் இது வழக்கு வரை போயிருக்கிறது. ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகச் செய்த கணினிச் சோதனையில், நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு வாடிக்கையாளர் "ஆம்" என்றாலே தீநிரல் அறிகுறி இருப்பதாக நிரல் காட்டியது என்பது அந்நாட்டு வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் அந்த நிறுவனம் 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு பழுதுநீக்க மென்பொருள் நிறுவனங்கள் மீதான வழக்கு 2.6 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

மைக்ரோசாஃப்ட்டும் 2018 மார்ச் முதல், இலவசப் பதிப்பில் பயமுறுத்தும் செய்தி காட்டிக் காசு கேட்கும் ஆப்டிமைசர்களை வேண்டாத மென்பொருளாக வகைப்படுத்தி, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் மூலம் நீக்கத் தொடங்கியது. அந்தக் காவல் உங்கள் கணினியில் செயலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல், ரெபுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன். அங்கே வேண்டாத செயலிகளைத் தடுக்கும் பொத்தான் இருக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் பிரபலமான க்ளீனர்கள் இந்த ரகமல்ல. சிசிக்ளீனர் பல ஆண்டு நற்பெயர் எடுத்தது. ஆனால் 2017இல் அதன் 5.33 பதிப்பே தாக்குதலுக்கு உள்ளானது. தயாரிப்பாளரின் கையெழுத்தோடு வந்த 32 பிட் இன்ஸ்டாலரில் தீநிரல் ஒளிந்திருந்தது, சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. எந்த மென்பொருளுக்கும் இது நேரலாம் என்பது உண்மைதான். ஆனாலும் அட்மின் உரிமையோடு ரெஜிஸ்ட்ரியின் மூலைமுடுக்கெல்லாம் நுழைய அனுமதிக்கும் ஒரு நிரலை, தேவையில்லாத வேலைக்காக வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. சிசிக்ளீனரின் தற்காலிகக் கோப்பு நீக்கும் பகுதி வேறு, ரெஜிஸ்ட்ரிப் பகுதி வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பகுதி ஓரளவு பயனுள்ளது, ஆபத்தும் குறைவு. ஆனால் அந்த வேலையை விண்டோஸே செய்கிறது.

கணினி மெதுவாக இருந்தால்

முதலில் அளந்து பாருங்கள். ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்டு சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று போனால், 100 என்ற எண்ணுள்ள பதிவுகளில் துவக்க நேரம் மில்லி விநாடியில் இருக்கும். 45,000 என்றால் 45 விநாடி. எந்த நிரல் தாமதப்படுத்தியது என்பதை 101 எண் பதிவு பெயரோடு சொல்லும். எல்லாத் துவக்கமும் அங்கே பதிவாகாது. இருப்பவற்றை வைத்துப் பார்க்கலாம். ஒன்று முக்கியம்: ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக முழுத் துவக்கம் ஆகாது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுத் துவக்கம். க்ளீனர் ஓட்டியபின் "வேகம் கூடியது" என்ற உணர்வு பலநேரம் அது கேட்ட ரீஸ்டார்ட்டின் பலன்.

பிறகு டாஸ்க் மேனேஜர். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே டிஸ்க் வரிசை 100 சதவீதத்தில் நின்றால், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சுழலும் டிஸ்க் சிதறிய சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு முறை அளவில்தான் எடுத்துத் தர முடியும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல ஆயிரம் முறை தரும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் அதே இடத்தில் 7 மிமீ தடிமன் எஸ்எஸ்டி உட்காரும். 256 ஜிபி போதும். ரெஜிஸ்ட்ரியில் செய்யும் எந்த வேலையும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

மாற்றுவதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை இருந்து, ரீஅலோகேட்டட் அல்லது பெண்டிங் செக்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. அன்று முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது. சாகும் டிஸ்க்கில் க்ளீனரையும் டிஃப்ராகையும் மாறிமாறி ஓட்டுவது மிச்சமிருக்கும் நாட்களையும் தின்றுவிடும்.

டிஸ்க் சும்மா இருந்து ரேம் 85, 90 சதவீதத்தில் நின்றால் ரேம்தான் காரணம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி என்பது நிறுவ அனுமதிக்கும் அளவு. பிரவுசரோடு நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபி வேண்டும்.

இரண்டும் சரியென்றால் ஸ்டார்ட்டப் பட்டியல். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பக்கத்தில் தாக்கம் "ஹை" என்று உள்ளவற்றில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். இங்கே விண்டோஸ் செய்வதைக் கவனியுங்கள். அது மூலப் பதிவை அழிப்பதில்லை. "அனுமதி இல்லை" என்று வேறிடத்தில் குறித்துவைக்கிறது. வேண்டுமென்றால் ஒரு கிளிக்கில் திரும்ப வரும். க்ளீனர் அழிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இடப் பற்றாக்குறை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். டிக் போடும்போது டவுன்லோட்ஸ் என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்கள் ஃபோல்டர், தற்காலிகக் கோப்பு அல்ல.

பிழைப்பெட்டி, நீங்காத மென்பொருள்

துவங்கும்போதெல்லாம் "குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை" என்று ரன்டிஎல்எல் பெட்டி வருகிறதா? க்ளீனரால் உண்மையிலேயே சரியாகக்கூடிய தொல்லை இது. நீக்கப்பட்ட ஒரு மென்பொருளின் துவக்கப் பதிவு மிச்சமிருக்கிறது. ஆனால் ஒரு பதிவுக்காக ஆயிரம் பதிவுகளில் கைவைப்பானேன்? மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோரன்ஸை அட்மினாகத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லுங்கள். கோப்பு இல்லாத பதிவுகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். பெட்டியில் வந்த பெயரோடு பொருந்துவதன் டிக்கை எடுங்கள், டெலீட் வேண்டாம். டிக் எடுத்ததை ஆட்டோரன்ஸ் ஒரு துணைக் கீயில் பத்திரமாக ஒதுக்கிவைக்கும். ரெஜிஸ்ட்ரியில் மட்டுமல்ல, டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருப்பதையும் அது காட்டும். வலது கிளிக் செய்தால் மெனு வர ஐந்து விநாடி ஆகிறது என்ற தொல்லைக்கும் அதிலேயே எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் வைத்தியம் உண்டு: மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றைப் பாதிப் பாதியாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடுவான்.

ஒரு மென்பொருள் நீங்க மறுத்தால் அதற்கென்றே மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல், நீக்கல் பழுதுநீக்கி இருக்கிறது. சேதமான இன்ஸ்டாலர் பதிவுகளை அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் சரிசெய்வது அதன் வேலை. ஆன்டிவைரஸ் என்றால் அதன் தயாரிப்பாளர் தரும் நீக்கும் கருவியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். டிரைவர் அளவில் வேரூன்றிய மென்பொருள்கள் அவை, அரைகுறையாக வெட்டினால் நெட்வொர்க்கே போகும். மற்றவற்றுக்கு ரெவோ அன்இன்ஸ்டாலர், பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் போன்றவை சரி. இவையும் ரெஜிஸ்ட்ரி மிச்சத்தைத் தேடி அழிப்பவைதான். ஆனால் எந்த மென்பொருளின் மிச்சம் என்று தெரிந்து தேடுவதால் தப்பு நேரும் பரப்பு மிகச் சிறியது. பட்டியலில் அந்த மென்பொருளின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இல்லாத வரியை விட்டுவிடுங்கள்.

விண்டோஸின் சொந்த பாகங்களே தகராறு செய்தால், அதாவது ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, அப்டேட் தோற்கிறது என்றால், அட்மின் டெர்மினலில் முதலில் டிஸ்ம் கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த், அது முடிந்தபின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். வரிசை முக்கியம்: எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுக்கும் களஞ்சியத்தைச் சரிசெய்வது டிஸ்ம்தான். இணைய இணைப்பு வேண்டும். நடுவில் ஒரே சதவீதத்தில் நீண்ட நேரம் நிற்கும்; மூடிவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஓட்டியே தீருவேன் என்றால்

விண்டோஸ் 7 காலத்திலிருந்து பத்துப் பதினைந்து மென்பொருள்களைப் போட்டும் நீக்கியும் வந்த கணினி, சுத்தம் செய்து பார்க்கத்தான் வேண்டும் என்ற மனநிலை. சரி. அலுவலகக் கணினியிலோ கணக்கு மென்பொருள் ஓடும் கடைக் கணினியிலோ மட்டும் வேண்டாம். சொந்தக் கணினியில் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

ரெஸ்டோர் பாயின்ட்டை, அதாவது கெட்டுப்போனால் கணினியைத் திரும்பக் கொண்டுபோக உதவும் நிலைப்பதிவை, நீங்களே உருவாக்குங்கள். ஸ்டார்ட்டில் "ரெஸ்டோர் பாயின்ட்" என்று தேடி, சிஸ்டம் ப்ரொடெக்ஷன் பக்கத்தில் சி டிரைவுக்கு அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கான்ஃபிகரில் போய் 5 முதல் 10 ஜிபி ஒதுக்கி, கிரியேட் கொடுங்கள். "நாங்களே ரெஸ்டோர் பாயின்ட் எடுத்துக்கொள்கிறோம்" என்று க்ளீனர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் 8 முதல், கடந்த 24 மணி நேரத்தில் ஏற்கனவே ஒரு ரெஸ்டோர் பாயின்ட் இருந்தால், மென்பொருள் கேட்கும் புதியதை விண்டோஸ் உருவாக்காமல் தாண்டிவிடும். கேட்ட மென்பொருளுக்கு வெற்றி என்றே பதில் போகும்.

க்ளீனர் தரும் ரெக் கோப்புப் பேக்கப்பையும் சேமியுங்கள், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்கட்டும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் அழித்த பதிவுகள் திரும்பச் சேரும். அவற்றுக்கு இருந்த அனுமதி அமைப்புகள் ரெக் கோப்பில் இருப்பதில்லை, அதனால் திரும்ப வராது. விண்டோஸே துவங்காவிட்டால் இரட்டைக் கிளிக் செய்யவும் வழியில்லை.

பிட்லாக்கர் என்பது விண்டோஸின் டிஸ்க் மறையாக்க வசதி; அதன் மீட்பு எண் 48 இலக்கம். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் மறையாக்கம் கேட்காமலே ஆனில் இருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மீட்புத் திரை அதைத்தான் முதலில் கேட்கும்.

வெளி டிரைவ்கள், பென் டிரைவ், நெட்வொர்க் டிரைவ் எல்லாவற்றையும் இணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஆக்டிவ்எக்ஸ், இன்ஸ்டாலர், பகிர்ந்த டிஎல்எல், எழுத்துரு, சர்வீசஸ் ஆகிய தலைப்புகளில் டிக்கை எடுத்துவிடுங்கள். மிச்சமுள்ளதில் உங்களுக்குப் பெயர் தெரிந்த, நீங்களே நீக்கிய மென்பொருளின் வரிகளை மட்டும் அழியுங்கள். ஒரே நாளில் அப்டேட்டும் க்ளீனரும் வேண்டாம். கெட்டுப்போனால் யாரால் என்று தெரியாது. தானாக வாரந்தோறும் ஓடும் வசதி இருந்தால் அதை முதல் வேலையாக அணையுங்கள்.

ஓட்டி, கெட்டுவிட்டது என்றால்

விண்டோஸ் துவங்குகிறது, ஒரு மென்பொருள்தான் ஓடவில்லை என்றால், க்ளீனரின் ரெக் பேக்கப்பை முதலில் சேருங்கள். பேக்கப் இல்லையா, அந்த மென்பொருளின் அதே பதிப்பு இன்ஸ்டாலரை மேலேயே மறுபடி ஓட்டி ரிப்பேர் கொடுங்கள். முதலில் நீக்கப் பார்க்காதீர்கள்; நீக்கத் தேவையான பதிவுகளே போயிருந்தால் பாதியில் நின்று இன்னும் சிக்கலாகும்.

துவங்கவே இல்லையென்றால், லோகோ வரும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரெஸ்டோர். ரெஜிஸ்ட்ரி ஹைவ்கள் முழுதாகப் பழைய நாளுக்குத் திரும்பும்; உங்கள் ஆவணங்களைத் தொடாது. அந்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும்.

கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ரெக்பேக் என்ற ஃபோல்டரிலிருந்து ஹைவ்களை நகலெடுக்கலாம் என்ற பழைய குறிப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கிப் பேக்கப் நிறுத்தப்பட்டுவிட்டது. அங்கே கோப்புகள் இருக்கும், அளவு 0 கேபி. பார்க்காமல் நகலெடுத்தால் நோயாளியைக் கொன்றுவிடும்.

ரெஸ்டோர் பாயின்ட்டும் இல்லை, ஆனால் எப்படியோ துவங்குகிறது என்றால், விண்டோஸை அதன்மேலேயே மறுபடி நிறுவலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் "விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்" என்ற பொத்தான் இதைத்தான் செய்கிறது. விண்டோஸ் 10 என்றால் அதே மொழி, அதே எடிஷன் ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளிருந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சி டிரைவில் 20 ஜிபி அளவுக்கு இடம் இருக்கட்டும். விண்டோஸின் சொந்தப் பதிவுகள் புதிதாக எழுதப்படும். க்ளீனர் அழித்த மற்ற மென்பொருள்களின் பதிவுகள் இதில் திரும்ப வராது. அவற்றை ஒவ்வொன்றாக அந்தந்த இன்ஸ்டாலரை ஓட்டித்தான் மீட்க வேண்டும்.